காரின் அடிவயிற்றை யார் பார்க்கிறார்கள்?

பாம்பன் ரயில் பாலம் திறக்கப்பட்டது 1914 பிப்ரவரியில். அந்தப் பழைய பாலத்தில் ரயில் ஓடுவது நின்றது 2022 டிசம்பரில். நூறாண்டைத் தாண்டியும் கடல் நடுவே அந்த இரும்பு நின்றது. உலகிலேயே இரும்பை மிக மோசமாக அரிக்கும் இடங்களில் ஒன்று என்று பெயரெடுத்த பகுதி அது. சுரண்டிச் சுரண்டிப் பெயின்ட் அடித்தும், அரித்துப்போன பாகங்களை மாற்றியும் வந்த ரயில்வே தொழிலாளர்களின் கைதான் அதைத் தாங்கி நிறுத்தியது. திருவான்மியூரிலோ நாகப்பட்டினத்திலோ வீட்டு வாசலில் நிற்கும் மாருதி 800க்கு அந்தக் கொடுப்பினை இல்லை. எஞ்சின் ஒரே செல்பில் பிடிக்கும். கதவின் அடியிலோ விரல் நுழையும் அளவுக்குப் பொத்தல். கடைசியில் காயலான் கடைக்காரர் எடை போட்டு எடுத்துச் செல்கிறார்.

கடலோர ஊர்களில் நல்ல நிலையில் உள்ள பழைய காரையும் முடித்து வைப்பது துருதான். தடுக்கப் பெரிய செலவு ஆவதில்லை. ஆனாலும் யாரும் குனிந்து பார்ப்பதில்லை.

இரும்பும் நீரும் காற்றிலுள்ள ஆக்சிஜனும் சேர்ந்தால் துரு உண்டாகும். உப்பு கலந்த நீரில் மின்னோட்டம் எளிதாகப் பாய்வதால் அந்த வேலை இன்னும் வேகமாக நடக்கிறது. கடல் உப்பில் சோடியம் குளோரைடோடு மக்னீசியம் குளோரைடும் கலந்திருக்கிறது. அது காற்றிலுள்ள ஈரத்தைத் தானாகவே இழுத்துக்கொள்ளும். அடுப்படியில் கல் உப்பு ஜாடி நீர்விட்டுக்கொள்வதும் இதனால்தான். ஆக, மழையே பெய்யாத மாதத்திலும் கடலோரக் காரின் தகரம் முழுதாகக் காய்வதில்லை. துரு உண்டாகும்போது இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொண்டு பெயின்டை உள்ளிருந்து தள்ளுகிறது. வெளியே சின்னக் கொப்புளம் தெரிகிறது என்றால், உள்ளே அதைவிடப் பெரிய பரப்பு ஏற்கெனவே அரிபட்டிருக்கும்.

அது தொடங்கும் இடங்களை எந்த டிங்கரிங் பட்டறையில் கேட்டாலும் சொல்வார்கள். கதவின் கீழ்விளிம்பு, கதவுக்குக் கீழே ஓடும் பெட்டி போன்ற பகுதி, சக்கரத்துக்கு மேலே வளைந்த தகரத்தின் உள்மடிப்பு, பேட்டரி உட்காரும் தட்டு, டிக்கியில் ஸ்டெப்னி கிடக்கும் பள்ளம், முன்கண்ணாடி ரப்பருக்கு அடிப்பகுதி. எல்லாமே அழுக்கும் ஈரமும் தங்கும் மூலைகள். கதவுக் கண்ணாடி வழியாக இறங்கும் மழைநீர் வடிவதற்காகக் கதவின் அடிவிளிம்பில் சிறு துளைகள் விட்டிருப்பார்கள். புழுதியும் இலைச்சருகும் அவற்றை அடைத்துவிட்டால், கதவு தண்ணீர்த் தொட்டி ஆகிவிடும். ஒரு மெல்லிய கம்பியால் துளைகளைக் குத்திவிட இரண்டு நிமிடம் போதும். பத்து ஆண்டு கார் வைத்திருந்தும் அந்தத் துளைகள் இருப்பதே தெரியாதவர்கள் ஏராளம்.

கழுவும் தண்ணீரிலும் சிக்கல் இருக்கிறது. கடலோரப் பகுதிகளில் நிலத்தடி நீர் உப்பேறிக் கிடக்கிறது. அந்த போர்வெல் தண்ணீரை அழுத்தத்தோடு காரின் அடியில் பீய்ச்சினால், சேறு போகும். உப்பு சந்து பொந்தெல்லாம் ஏறிவிடும். வாட்டர் சர்வீஸ் விட்ட திருப்தியோடு வீடு திரும்புபவர் உண்மையில் துருவுக்கு உரம் போட்டிருக்கிறார். வாயில் விட்டுப் பார்த்தால் கரிக்கும் தண்ணீரைக் காரில் ஊற்றக் கூடாது. கடைசி அலசலாவது நல்ல தண்ணீரில் இருக்க வேண்டும். கழுவிய பிறகு ஒரு நாள் வெயிலில், கதவுகளைத் திறந்து காயவிட வேண்டும். காற்று புகாத பிளாஸ்டிக் கவரைப் போட்டு மூடுவதைவிடத் திறந்த நிழலில் நிறுத்துவதே மேல். கவருக்குள் சிக்கிய ஈரம் வெளியேற வழியே கிடையாது.

மேல்தகரம் பளபளக்க ஆயிரக்கணக்கில் செலவழிப்பவர்கள் அடிப்பகுதி என்று வந்தால் கருப்பாகத் தார் போல ஒன்றை அடித்துவிட்டால் போதும் என்று நினைக்கிறார்கள். சுத்தமான, காய்ந்த தகரத்தின் மேல் அடித்தால் அது பாதுகாப்புதான். துருவின் மேலும் ஈரச் சேற்றின் மேலும் அடித்தால், நீரை உள்ளே அடைத்துவைக்கும் மூடியாகிவிடும்; மேலே வழவழப்பாக இருக்க, அடியில் தகரம் பொடியாக உதிரும். பழைய கார் வாங்கப் போகும் இடத்தில் அடிப்பகுதி மட்டும் புத்தம்புதுக் கருப்பாக மின்னினால் சந்தேகப்பட வேண்டும். ஒரு சிறு காந்தத்தைக் கையோடு கொண்டு போவது நல்லது. பட்டி வைத்துப் பூசிய இடத்தில் அது ஒட்டாது.

முறையான வைத்தியத்துக்குப் பொறுமை வேண்டும். பளிச்சென்ற உலோகம் தெரியும்வரை சுரண்ட வேண்டும். மிச்சமிருக்கும் துருவுக்குப் பாஸ்பாரிக் அமிலம் கலந்த திரவம், அதன்மேல் துத்தநாகம் கலந்த பிரைமர் அல்லது எபாக்ஸி பிரைமர், அதற்கும் மேல்தான் பெயின்ட். கை எட்டாத பெட்டிப் பகுதிகளுக்குள் மெழுகு கலந்த எண்ணெயை நீண்ட குழாய் வழியாகப் பீய்ச்சலாம். துத்தநாகம் தன்னை அரிக்கக் கொடுத்து இரும்பைக் காப்பாற்றும். இந்தப் பண்பை நம்பித்தான் போர்ஷ் நிறுவனம் 1970களின் நடுவிலேயே தன் 911 காரின் உடலைத் துத்தநாகம் பூசிய தகரத்தில் செய்யத் தொடங்கியது. நம் ஊரில் ஓடிய பழைய கார்களுக்கு அந்தக் கவசம் இல்லை. உரிமையாளர்தான் அதைப் போட்டுக்கொடுக்க வேண்டும்.

துருவை அழகுக் குறை என்று மட்டும் எண்ணுவது ஆபத்தானது. மாருதி 800க்கு மட்டுமல்ல, லாரி போல உழைத்த அம்பாசிடருக்கும் தனிச் சேசிஸ் கிடையாது. உடல் தகரமே எலும்புக்கூடு. அது அரித்தால் மோதலில் தாங்கும் வலு போய்விடும். பிரேக் எண்ணெய் போகும் இரும்புக் குழாய் அரித்துப் பொத்தல் விழுந்தால் மிதி தரையைத் தொடலாம்; வண்டி நிற்காமல் போகலாம். பிரிட்டனில் மூன்று வயது கடந்த கார்களுக்கு ஆண்டுதோறும் நடக்கும் எம்.ஓ.டி. சோதனையில், சீட் பெல்ட், சஸ்பென்ஷன் போன்றவை பொருந்தும் இடங்களிலிருந்து 30 செ.மீ. தூரத்துக்குள் தகரம் வலுவிழக்கும் அளவு அரித்திருந்தால் கார் தேறாது. இந்தியாவில் சொந்தக் காரின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். பிறகு ஐந்தைந்து ஆண்டாக எஃப்.சி. எனும் தகுதிச் சோதனை பார்த்துப் புதுப்பிக்க வேண்டும். அதற்கான கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்ந்தது. அவ்வளவு வாங்கும் அரசு, காரைத் தூக்கி நிறுத்தி, அடியில் சுத்தியலால் தட்டிப் பார்த்து, எங்கே அரித்திருக்கிறது என்று எழுதிக் கொடுக்க வேண்டும். வயதை மட்டும் பார்த்துக் காரை ஓரங்கட்டுவதைவிட அது நியாயமானது.

காரைக்குடியில் 1953 முதல் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இயங்குகிறது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து வரவழைத்த நிறுவனம். உலோக அரிப்பு அதன் முக்கிய ஆய்வுத்துறைகளில் ஒன்று. அங்குள்ள அறிவு எளிய தமிழில் ஐ.டி.ஐ. வகுப்பறைக்கும் தெருமுனைப் பட்டறைக்கும் வர வேண்டும். தகரத்தை வெட்டி ஒட்டுவதில் கைதேர்ந்த டிங்கர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். வெட்டி ஒட்டிய மூட்டின் பின்பக்கத்துக்குப் பிரைமர் அடிக்காமல் விட்டால் அடுத்த மழைக்காலத்திலேயே அது மீண்டும் அரிக்கும் என்று அவர்களுக்கு யாராவது சொல்லித்தர வேண்டும்.

2015 வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் சென்னையில் மூழ்கி எழுந்த கார்களில் இன்னும் ஓடிக்கொண்டிருப்பவை உண்டு. இருக்கையும் கார்பெட்டும் மாற்றியிருப்பார்கள். பெட்டிப் பகுதிக்குள் புகுந்த சேற்றை எடுத்தார்களா என்பது கேட்டால்தான் தெரியும். அப்படி ஒரு கார் வைத்திருப்பவர்கள் ஐப்பசி அடைமழைக்கு முன்பாக ஒரு சனிக்கிழமையை ஒதுக்குங்கள். காரை லிஃப்டில் ஏற்றச் சொல்லி, டார்ச்சுடன் நீங்களே அடியில் நின்று பாருங்கள். கொப்புளம் இருந்தால் அன்றே சுரண்டச் சொல்லுங்கள்.