121 தோல்வி! "அணியை விற்றுவிடு!" என்று கத்திய சிகாகோ ரசிகர்கள்

சொந்த ஊர் அணி தோற்க வேண்டும் என்று ரசிகர்களே ஆசைப்படுவார்களா?

ஆசைப்பட்டார்கள். அமெரிக்காவில், சிகாகோ நகரத்தில், 2024-ம் ஆண்டு செப்டம்பர் மாதம் 24-ந் தேதி இது நடந்தது.

அன்று இரவு பேஸ்பால் மைதானத்துக்கு வந்தவர்களில் பலர், தலையில் காகிதப் பையை மாட்டிக்கொண்டு வந்தார்கள். கண்ணுக்கு மட்டும் இரண்டு ஓட்டை. "இந்த அணியின் ரசிகன் என்று சொல்லிக்கொள்ள வெட்கமாக இருக்கிறது. முகத்தை மூடிக்கொண்டோம்" என்பது அதற்கு அர்த்தம்.

அந்த அணியின் பெயர் "ஒயிட் சாக்ஸ்". வெள்ளைக் காலுறை என்று பொருள். அதுவரை அந்த வருஷம் 120 ஆட்டங்களில் தோற்றிருந்தது. இன்னும் ஒன்று தோற்றால், 1900-க்குப் பிறகு எந்த அணியும் தோற்காத அளவுக்குத் தோற்ற அணி என்ற பெயர் கிடைக்கும். அந்தக் காட்சியை நேரில் பார்க்கத்தான் ஜனங்கள் டிக்கெட் வாங்கி வந்தார்கள்!

ஆனால் வேடிக்கையைப் பாருங்கள். அன்று ஒயிட் சாக்ஸ் ஜெயித்துவிட்டது. மறுநாளும் ஜெயித்தது. அதற்கு மறுநாளும் ஜெயித்தது.

"தோற்கக்கூட இவர்களுக்குச் சரியாகத் தெரியவில்லை" என்று ரசிகர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். ஆட்டத்தின் நடுவே ஒரே கோஷம்:

"அணியை விற்றுவிடு! அணியை விற்றுவிடு!"

கோஷம் ஆட்டக்காரர்களைப் பார்த்து அல்ல. முதலாளியைப் பார்த்து.

மூன்று நாள் கழித்து, 27-ந் தேதி, டெட்ராய்ட் நகரத்தில் அந்த 121-வது தோல்வி வந்து சேர்ந்தது. அதே ஆட்டத்தில் ஜெயித்த டெட்ராய்ட் அணிக்கு, அடுத்த சுற்றுப் போட்டிக்கு இடம் கிடைத்தது. ஒரு பக்கம் கொண்டாட்டம். மறு பக்கம் தலைகுனிவு.

எவ்வளவு மோசம்?

பேஸ்பால் நம்மில் பலருக்குப் பழக்கம் இல்லாத ஆட்டம். கிரிக்கெட்டுக்கு ஒன்றுவிட்ட சகோதரன் என்று வைத்துக்கொள்ளலாம். ஒருவர் பந்து வீசுவார். ஒருவர் தடியால் அடிப்பார். அடித்துவிட்டு ஓடவேண்டும்.

பெரிய போட்டியில் மொத்தம் 30 அணிகள். வசந்த காலத்தில் ஆரம்பித்து செப்டம்பர் கடைசி வரையில் ஒவ்வொரு அணியும் 162 ஆட்டம் ஆடும். அநேகமாகத் தினமும் ஆட்டம்தான். அதனால் பேஸ்பாலில் தோல்வி பெரிய அவமானம் அல்ல. மிக நல்ல அணியே 60 தடவை தோற்கும். மிக மோசமான அணியும் 60 தடவை ஜெயிக்கும்.

ஒயிட் சாக்ஸ் ஜெயித்தது 41. தோற்றது 121.

முதல் 25 ஆட்டங்களில் 22 தோல்வி. மே மாதக் கடைசியில் ஆரம்பித்துத் தொடர்ச்சியாக 14 தோல்வி. ஜூலை 10-ல் இருந்து ஆகஸ்டு 5 வரை தொடர்ச்சியாக 21 தோல்வி! ஏறக்குறைய ஒரு மாதம், காலையில் பத்திரிகையைப் பிரித்தால் தோல்விச் செய்தி தவிர வேறு செய்தி இல்லை.

இதற்கு முன்பு, 1962-ல் நியூயார்க் மெட்ஸ் அணி 120 தடவை தோற்றிருந்தது. அதற்காவது ஒரு சமாதானம் உண்டு. மெட்ஸ் அந்த வருஷம்தான் பிறந்த அணி. மற்ற அணிகள் வேண்டாம் என்று ஒதுக்கிய ஆட்டக்காரர்களைப் பொறுக்கிச் சேர்த்த அணி. ஒயிட் சாக்ஸ் நூறு வருஷத்துக்கு மேல் ஆடிவரும் அணி. மூன்றே வருஷத்துக்கு முன்பு, 2021-ல், 93 ஆட்டம் ஜெயித்துத் தன் பிரிவில் முதலிடம் பிடித்த அணி!

93 வெற்றியில் இருந்து 41 வெற்றிக்கு எப்படி இறங்கியது? ரசிகர்களின் ஆத்திரம் இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது.

பொறுத்தார்கள், பொறுத்தார்கள்

கொஞ்சம் பின்னால் போவோம்.

2016-ம் ஆண்டுக் கடைசியில் நிர்வாகம் ரசிகர்களிடம் ஒரு திட்டத்தைச் சொன்னது. "பெரிய ஆட்டக்காரர்களை மற்ற அணிகளுக்குக் கொடுத்துவிட்டு, இளைஞர்களை வாங்கப் போகிறோம். சில வருஷம் தோற்போம். பொறுத்துக்கொள்ளுங்கள். பிறகு பல வருஷம் ஜெயிப்போம்" என்பது அதன் சாரம்.

ரசிகர்கள் பொறுத்தார்கள். 2017-ல் 95 தோல்வி. 2018-ல் 100 தோல்வி. 2019-ல் 89 தோல்வி. விதை நெல் போட்டவன் மழைக்குக் காத்திருப்பதுபோலக் காத்திருந்தார்கள்.

மழையும் வந்தது. டிம் ஆண்டர்சன், லூயிஸ் ராபர்ட் முதலிய இளைஞர்கள் பிரகாசித்தார்கள். 2020-ல் அடுத்த சுற்றுக்குப் போனார்கள். இனிமேல் நம் காலம் என்று ரசிகர்கள் நினைத்தார்கள்.

அந்தச் சமயத்தில்தான் முதலாளி குறுக்கிட்டார்.

76 வயது மானேஜர்

முதலாளியின் பெயர் ஜெர்ரி ரைன்ஸ்டார்ப். 1936-ல் பிறந்தவர். 1981-ல் கூட்டாளிகளுடன் சேர்ந்து இந்த அணியை வாங்கினார். விலை சுமார் 2 கோடி டாலர்.

அவர் 1986-ல் ஒரு காரியத்தைச் செய்யவிட்டு வருந்தினார். டோனி லா ருஸா என்ற மானேஜரை அப்போதைய நிர்வாகி வேலையில் இருந்து நீக்கினார். முதலாளி தடுக்கவில்லை. நீக்கப்பட்ட லா ருஸா வேறு அணிகளுக்குப் போய் மூன்று தடவை உலக சாம்பியன் பட்டம் வாங்கினார். "அவரைப் போகவிட்டது தவறு" என்ற எண்ணம் முதலாளியின் மனதில் முள்ளாகத் தைத்திருந்தது.

34 வருஷம் கழித்து, 2020 அக்டோபரில், அதே லா ருஸாவை முதலாளி திரும்ப அழைத்துவந்தார். அப்போது லா ருஸாவுக்கு வயது 76. மானேஜர் வேலையை விட்டு ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. இளைஞர்கள் நிறைந்த அணிக்குத் தாத்தா வயதில் ஒரு தலைவர்! நிர்வாகிகள் தேடிப் பிடித்த ஆள் அல்ல, முதலாளியே பிடிவாதமாகக் கொண்டுவந்த ஆள் என்று சிகாகோ பத்திரிகைகள் எழுதின.

லா ருஸா சாதாரண மனிதர் அல்ல. அதைச் சொல்லத்தான் வேண்டும். முதல் வருஷம் பிரிவில் முதலிடம் வாங்கிக் கொடுத்தார். ஆனால் இரண்டாம் வருஷம் எல்லாம் சறுக்கியது. ஆட்டக்காரர்கள் ஒருவர் மாற்றி ஒருவர் காயம் பட்டார்கள். 81 வெற்றி, 81 தோல்வி. உடல்நிலை காரணமாக லா ருஸாவும் விலகினார்.

அடுத்து வந்தவர் பெட்ரோ கிரிபோல். 2023-ல் 101 தோல்வி. 2024 ஆகஸ்டில் அவரையும் நீக்கினார்கள். அவர் தலைமையில் மொத்தம் 89 வெற்றி, 190 தோல்வி!

ஒன்பது நாள் சந்தோஷம்

2023 ஆகஸ்டு 22-ந் தேதி ரசிகர்களுக்குச் சந்தோஷமான ஒரு செய்தி வந்தது. பல வருஷமாக அணியை நடத்திவந்த கென்னி வில்லியம்ஸ், ரிக் ஹான் என்ற இரண்டு பெரிய நிர்வாகிகளையும் முதலாளி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

"இனி வெளியில் இருந்து ஒரு கெட்டிக்காரர் வருவார்" என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள்.

ஒன்பதே நாளில் புதிய ஆள் வந்தார். அவர் பெயர் கிரிஸ் கெட்ஸ். எங்கிருந்து வந்தார்? பக்கத்து அறையில் இருந்து! அதே அணியில், அதே நிர்வாகத்தில், இளம் ஆட்டக்காரர்களைத் தயார் செய்யும் பொறுப்பில் இருந்தவர்.

வெளி ஆள் வந்தால் விஷயங்களைப் புரிந்துகொள்ளவே ஒரு வருஷம் போய்விடும் என்று முதலாளி காரணம் சொன்னார். அவசரம் என்றார். அந்த அவசரத்துக்குக் கிடைத்த பலன் மறு வருஷத்து 121 தோல்வி.

எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். ரைன்ஸ்டார்ப் கெட்ட மனிதர் அல்ல. வேலைக்காரர்களை எளிதில் கைவிடாதவர். பழகியவர்களை மறக்காதவர். குடும்பத்தில் இது நல்ல குணம். கோடிக்கணக்கான டாலர் புரளும் அணியில், பழக்கமே தகுதி ஆகிவிட்டால், தவறு செய்தவனை "தவறு" என்று சொல்ல ஆள் இருக்காது. அந்த வீட்டில் நடந்தது அதுதான்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். 1917-க்குப் பிறகு 88 வருஷம் கழித்து, 2005-ல், இந்த அணிக்கு உலக சாம்பியன் பட்டம் கிடைத்தது. அதுவும் இந்த முதலாளியின் காலத்தில்தான். அன்று அவரைத் தலைமேல் தூக்கி வைத்துக் கொண்டாடிய அதே ஊர்தான் இன்று "விற்றுவிடு" என்கிறது.

அந்த 2005 இறுதிப் போட்டியின் முதல் ஆட்டத்தைப் பார்க்க வந்த கூட்டத்தில் ஒரு பாதிரியாரும் இருந்தார். டெலிவிஷன் படத்தில் அவர் முகம் விழுந்திருக்கிறது. 2025 மே மாதம் போப்பாண்டவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட 14-ம் லியோதான் அவர்! சிகாகோவில் பிறந்தவர். ஒயிட் சாக்ஸ் ரசிகர். 'பிரார்த்தனை செய்ய இதைவிடப் பெரிய ஆள் கிடையாது' என்று சிகாகோ ரசிகர்கள் சிரித்துக்கொண்டார்கள்.

தோற்றாலும் விலை ஏறுகிறது

ஜனங்கள் இவ்வளவு கத்தியும் முதலாளி ஏன் அசையவில்லை?

கணக்கைப் பார்த்தால் புரியும். 1981-ல் 2 கோடி டாலருக்கு வாங்கிய அணிக்கு இன்று மதிப்புப் போடுகிறவர்கள் சுமார் 200 கோடி டாலர் என்கிறார்கள். நூறு மடங்கு!

இங்கிலாந்துக் கால்பந்தில், கடைசி இடத்துக்கு வரும் அணியைக் கீழ் வகுப்புக்கு இறக்கிவிடுவார்கள். வருமானம் படுத்துவிடும். முதலாளி நடுங்குவார். அமெரிக்கப் பேஸ்பாலில் அந்தத் தண்டனை கிடையாது. 121 தடவை தோற்ற அணியும் அடுத்த வருஷம் அதே 30 அணிகளில் ஒன்று. நாடு முழுவதற்குமான டெலிவிஷன் ஒப்பந்தப் பணத்தில் அதற்கும் மற்ற அணிகளைப்போலவே பங்கு.

ரசிகன் கையில் இருப்பது ஒன்றுதான். டிக்கெட் வாங்காமல் இருப்பது. அதைச் செய்துதான் பார்த்தார்கள். 2022-ல் சுமார் 20 லட்சம் டிக்கெட் விற்றது. 2023-ல் 16 லட்சத்து 70 ஆயிரம். 2024-ல் சுமார் 13 லட்சத்து 80 ஆயிரம். மைதானத்தில் வரிசை வரிசையாகக் காலி நாற்காலிகள்.

ஆனால் ரசிகன் டிக்கெட் வாங்காவிட்டாலும், அவன் பணம் வேறு வழியில் போகிறது. இதுதான் பலர் கவனிக்காத விஷயம்.

மைதானம் யார் பணம்?

இப்போது ஒயிட் சாக்ஸ் ஆடும் மைதானம் 1991-ல் திறக்கப்பட்டது. கட்டியது முதலாளி அல்ல. சர்க்கார் அமைப்பு. ஓட்டலில் தங்குகிறவர்களிடம் வரி போட்டுக் கட்டினார்கள்.

அது நடந்த கதை சுவையானது. 1988-ல் "புதிய மைதானம் கட்டித்தராவிட்டால் அணியை புளோரிடாவுக்குக் கொண்டுபோய்விடுவேன்" என்று முதலாளி மிரட்டினார். அங்கே மைதானமும் தயாராகிக்கொண்டிருந்தது. ஜூன் 30-ந் தேதி நள்ளிரவுக்குள் இல்லினாய் சட்டசபையில் மசோதா நிறைவேறவேண்டும். பன்னிரண்டு மணி அடிக்கப்போகிறது, ஓட்டுப் போதவில்லை. கவர்னர் ஜேம்ஸ் தாம்சன் ஒவ்வொரு அங்கத்தினராகப் போய்க் கெஞ்சினார். மசோதா நிறைவேறியபோது நேரம் தாண்டிவிட்டது. "என் கைக்கடிகாரத்தில் இன்னும் பன்னிரண்டு ஆகவில்லை" என்றார் கவர்னர். சட்டம் சட்டம்தான் ஆயிற்று!

இதில் ஒரு விசித்திரம். ரைன்ஸ்டார்ப் நியூயார்க்கில் புரூக்ளின் பகுதியில் வளர்ந்தவர். சிறு வயதில் புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணியின் ரசிகர். அந்த அணி 1957-க்குப் பிறகு ஊரைவிட்டே லாஸ் ஏஞ்சல்ஸுக்குப் போய்விட்டது. புரூக்ளின் மக்கள் அந்தத் துக்கத்தை மறக்கவே இல்லை. ஊர் அணி போனால் எப்படி இருக்கும் என்று அறிந்தவர்தான், பிற்காலத்தில் இன்னொரு ஊருக்கு அந்தப் பயத்தைக் காட்டினார்.

2024-ம் ஆண்டு ஆரம்பத்தில் மறுபடியும் ஒரு புது மைதானப் பேச்சு. நகரத்தின் நடுப்பகுதிக்குப் பக்கத்தில் "78" என்ற காலி மனை. சர்க்கார் பணம் சுமார் 100 கோடி டாலர் வேண்டும் என்று செய்தி வந்தது. அதற்குச் சற்று முன்புதான் முதலாளி நாஷ்வில் நகர மேயரைச் சந்தித்திருந்தார். "பழைய மிரட்டல் மறுபடியும் வருகிறது" என்று ஜனங்கள் முணுமுணுத்தார்கள்.

இந்தத் தடவை கடிகாரத்தை நிறுத்த யாரும் முன்வரவில்லை. கவர்னர் பிரிட்ஸ்கர் பிடிகொடுக்கவில்லை. 121 தடவை தோற்ற அணிக்கு வரிப்பணத்தை எடுத்துக் கொடுத்துவிட்டு எந்த அரசியல்வாதி ஓட்டுக் கேட்க முடியும்? தோல்வி அந்த ஒரு விதத்தில் பொதுஜனங்களின் பணத்தைக் காப்பாற்றியது.

2025 ஜூனில் அதே மனையில் சிகாகோ கால்பந்து அணியின் முதலாளி மைதானம் கட்டுவதாக அறிவித்தார். 65 கோடி டாலர். எல்லாம் சொந்தப் பணம்.

அடுத்து என்ன?

2025-ல் புதிய மானேஜர் வில் வெனபிள் வந்தார். 60 வெற்றி, 102 தோல்வி. முந்தைய வருஷத்தைவிட 19 வெற்றி அதிகம். இருந்தாலும் மூன்று வருஷம் தொடர்ந்து நூறுக்கு மேல் தோல்வி.

ரசிகர்கள் கேட்ட "விற்பனை"க்கும் ஒரு வழி பிறந்திருக்கிறது. 2025 ஜூன் மாதம் ஜஸ்டின் இஷ்பியா என்ற பணக்காரருடன் ஒப்பந்தம் ஆயிற்று. 2029-ல் இருந்து 2033 வரை, ரைன்ஸ்டார்ப் விரும்பினால் அணியின் அதிகாரத்தை அவருக்கு விற்கலாம். 2034-ம் ஆண்டுப் போட்டிகள் முடிந்த பிறகு, இஷ்பியா விரும்பினால் தாமே வாங்கிக்கொள்ளலாம்.

2034-ல் ரைன்ஸ்டார்புக்கு வயது 98.

மைதானத்தின் குத்தகை முடிவது 2029-ல். விற்பனைக்கு முதல் வாய்ப்பு வருவதும் அதே வருஷம். புது மைதானத்துக்குப் பணம் யார் போடுவது என்ற கேள்வி அப்போது மறுபடியும் சட்டசபைக்கு வரும். காகிதப் பை மாட்டிக்கொண்டு வந்த ரசிகர்கள், இந்தத் தடவை ஓட்டுச் சீட்டோடு காத்திருக்கிறார்கள்.