குரங்கணி தந்த பாடம் ஏலகிரிக்கும் வேண்டும்

சேலையூர், செம்பாக்கம், மாடம்பாக்கம்வாசிகளுக்கு விமானச் சத்தம் புதிதல்ல. தலைக்கு மேல் வட்டமிடுபவை தாம்பரம் விமானப்படைத் தளத்தின் பயிற்சி விமானங்கள். பறக்கக் கற்றுக்கொடுக்கப் போகும் ஆசிரியர்களுக்கான பள்ளி அங்கே இயங்குகிறது. 1948இல் அம்பாலாவில் தொடங்கப்பட்டு, 1954இல் தாம்பரத்துக்கு வந்தது. நன்றாகப் பறக்கத் தெரிந்த விமானியைக்கூட மறுபடி மாணவராக உட்காரவைத்து, சோதித்து, தேறிய பிறகே இன்னொருவரின் உயிரை அவர் கையில் ஒப்படைக்கிறார்கள்.

அதே தாம்பரத்திலிருந்து விடுமுறை நாள்களில், விடியும் முன்பே நண்பர் குழுக்கள் வேன் பிடித்துக் கிளம்புகின்றன. வண்டலூர் - வாலாஜாபாத் சாலை, காஞ்சிபுரம், வேலூர், வாணியம்பாடி என 200 கிலோமீட்டருக்குச் சற்று மேல் ஓடினால் ஏலகிரி அடிவாரம். புலவர்கள், கடையெழு வள்ளல்களின் பெயர்களைத் தாங்கிய 14 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலே போனால், பள்ளத்தாக்கைப் பார்த்த ஒரு சரிவு. குரோம்பேட்டையிலும் பெருங்களத்தூரிலும் மாதத் தவணைக்கும் மின்சார ரயில் நெரிசலுக்கும் நடுவே வாழும் இளைஞர்களுக்கு அந்தச் சரிவிலிருந்து பாராகிளைடரில் பறக்கும் சில நிமிடங்கள் வருடம் முழுக்கப் பேசும் நினைவு. அந்த ஆசையில் தவறே இல்லை.

கேட்க மறந்துபோகும் கேள்விகளில்தான் தவறு இருக்கிறது.

பாராகிளைடருக்கு இயந்திரம் கிடையாது. 1978இல் பிரான்ஸின் மியூஸி கிராமத்தில் சில பாராசூட் வீரர்கள் மலைச்சரிவில் ஓடிப் பறந்து பார்த்ததிலிருந்து வளர்ந்த விளையாட்டு இது. துணியால் ஆன இறக்கை. அதன் அறைகளுக்குள் புகும் காற்றுதான் அதற்கு வடிவம் தருகிறது. ‘டேண்டம்’ முறையில் பயணி முன்னால், பைலட் பின்னால். பயணி செய்ய வேண்டியது, சொல்லும்போது நிற்காமல் ஓடுவது மட்டுமே. காற்றின் திசை, வேகம், வெயில் ஏற ஏறத் தரையிலிருந்து மேலெழும் வெப்பக்காற்றின் முரட்டுத்தனம், மலையின் மறுபக்கத்தில் சுழலும் காற்று ஆகிய அனைத்தையும் கணிக்க வேண்டியவர் பைலட். காற்று சீறினால் இறக்கையின் ஒரு பக்கம் மடங்கும். தேர்ந்த பைலட் அதை நொடிகளில் சரிசெய்வார். தேராதவருடன் பறப்பவருக்கு அந்த நொடிகள் கிடைக்காது.

அதைவிட எளிய காரணங்களாலும் உயிர் போகிறது. 2016இல் கோவையில் பாராசெய்லிங் சென்ற ஒருவர், உடலோடு பிணைத்த பட்டை கழன்று கீழே விழுந்து இறந்தார். 2025 ஜனவரியில் இமாச்சலப் பிரதேசத்தின் குலு அருகே பாராகிளைடிங் சென்ற தமிழ்நாட்டு இளைஞர் ஒருவர் உயிரிழந்தார். அதே மாதம் கோவாவில் ஒரு சுற்றுலாப் பயணியும் அவரைச் சுமந்து பறந்த பைலட்டும் சேர்ந்தே மாண்டார்கள்.

இமாச்சலில் விதிகள் இருந்தும் விபத்து நடக்கிறதே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். 2015இல் பாராகிளைடிங் உலகக் கோப்பைப் போட்டி நடந்த பீர்-பில்லிங் அந்த மாநிலத்தில்தான் இருக்கிறது. வான் விளையாட்டுகளுக்கென்றே 2004இல் அங்கே விதிகள் வந்தன. பைலட்டுகள் பதிவு செய்ய வேண்டும். கருவிகள் சோதிக்கப்பட வேண்டும். மழைக்காலத்தில் ஜூலை 15 முதல் செப்டம்பர் 15 வரை பறக்கத் தடை. இத்தனைக்குப் பிறகும் உயிர்கள் போகின்றன என்றால், எழுதிவைத்த விதியைப் புறப்படும் இடத்தில் நின்று அமல்படுத்த ஆள் வேண்டும் என்பதே அதன் பொருள். விதி வீண் என்று அதற்குப் பொருள் கொள்ள முடியாது.

தமிழ்நாட்டுக்கு இதில் சொந்த அனுபவமே இருக்கிறது. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி, மலையேறச் சென்ற 23 பேர் இறந்தார்கள். அவர்களில் பலர் சென்னையிலிருந்து நண்பர்களோடு வார இறுதியைக் கழிக்கச் சென்ற இளம் வயதினர். அதன் பிறகே அந்த ஆண்டு மலையேற்றத்துக்கான விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் வனத்துறையின் ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டம் 40 பாதைகளுடன் தொடங்கியது. எளிது, நடுத்தரம், கடினம் என்று ஒவ்வொரு பாதைக்கும் தரம் குறித்தார்கள். உள்ளூர்ப் பழங்குடி இளைஞர்கள் பயிற்சி பெற்று வழிகாட்டிகளாக வருகிறார்கள். தீ பரவும் கோடை மாதங்களில் பாதைகள் மூடப்படுகின்றன. மலையேற்றம் இதனால் நின்றுபோய்விடவில்லை. பயமின்றிப் போக வழி பிறந்தது. ஆனால் அதற்கு 23 உயிர்கள் விலையாயின.

மாநில அரசின் 2023 சுற்றுலாக் கொள்கை சாகசச் சுற்றுலாவை முன்னுரிமைத் துறைகளில் ஒன்றாக வைத்திருக்கிறது. அப்படியானால் பாராகிளைடிங்குக்கும் குரங்கணிக்குப் பிந்தைய அக்கறை வேண்டும். ஏலகிரி போன்ற மலைகளில் எந்தச் சரிவிலிருந்து புறப்படலாம், எந்த வயலில் இறங்கலாம் என்பதை அறிவிக்க வேண்டும். பயணியை ஏற்றிப் பறக்கும் ஒவ்வொரு பைலட்டும் ஆண்டுதோறும் பறந்து காட்டித் தேற வேண்டும். அவர் பெயரும் உரிமமும் காப்பீட்டு விவரமும் புறப்படும் இடத்திலேயே பலகையில் தமிழில் இருக்க வேண்டும். குறிப்பிட்ட காற்று வேகத்தைத் தாண்டினால் அன்றைய பறத்தலை நிறுத்தும் அதிகாரம், கட்டணம் வசூலிப்பவரிடம் இல்லாமல் தனி அலுவலரிடம் இருக்க வேண்டும். உள்ளூர் மலைக்கிராம இளைஞர்களுக்குப் பயிற்சி தந்தால் வேலையும் அவர்களுக்கே கிடைக்கும்.

அரசு செய்யும்வரை காத்திருக்க முடியாதவர்களும் இருக்கிறார்கள். அடுத்த விடுமுறைக்கு வேன் பேசிவிட்ட நண்பர்களே, புறப்படும் முன் பைலட்டின் உரிமத்தை வாங்கிப் பாருங்கள். அவசரத்துக்கு இரண்டாவது பாராசூட் இருக்கிறதா என்று கேளுங்கள். தொடைப்பட்டைகள் இரண்டும் பூட்டியிருக்கின்றனவா என்று உங்கள் கையாலேயே இழுத்துப் பாருங்கள். நண்பரையும் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். பைலட் பதில் சொல்லத் தயங்கினாலோ, காற்று வலுத்தும் ‘ஒன்றும் ஆகாது’ என்றாலோ, கட்டிய பணம் போனாலும் பரவாயில்லை, பட்டையைக் கழற்றிவிடுங்கள். புங்கனூர் ஏரியில் படகுச் சவாரி செய்துவிட்டு, எல்லோருமாக ஊர் திரும்புங்கள்.