அரக்குக்கு எது ஜோடி?

"பர்கண்டி கலர் சட்டைக்கு என்ன பேன்ட் மேட்ச் ஆகும்?"

கல்லூரியில் பொங்கல் விழாவோ ஃபேர்வெல்லோ வர ஒரு வாரம் இருக்கும்போது இந்தக் கேள்வி கிளம்பிவிடும். இணையத்தில் தேடினால் கேமல், ஐவரி, கம்பளிக் கோட்டு, உயரமான பூட்ஸ் என்று பனி பெய்கிற ஊர்க்காரர்களுக்கான பதில்தான் வரிசையாக வரும். சித்திரை வெயிலில் சேலம் புது பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டு நாமக்கல் வண்டிக்குக் காத்திருப்பவருக்குக் கம்பளிக் கோட்டு எதற்கு?

முதலில் பெயரைச் சரி செய்துகொள்வது நல்லது. பர்கண்டி என்பது பிரான்சில் திராட்சை மதுவுக்குப் பேர்போன ஒரு வட்டாரம். அந்த மதுவின் நிறம்தான் பர்கண்டி. அதை ஆன்லைன் கடைகள் இங்கே கொண்டு வருவதற்கு ரொம்பக் காலம் முன்பே இந்த நிறத்துக்கு மிக நெருங்கிய சொந்தக்காரர் ஒருவர் நம்மூர்ப் பீரோவில் இருக்கிறார். அரக்கு. மரக்கிளையில் ஒட்டி வாழும் சின்னப் பூச்சிகள் சுரக்கும் பிசின் அது. அதிலிருந்து சிவப்புச் சாயமும் எடுப்பார்கள், கடிதத்துக்கு முத்திரையும் வைப்பார்கள், உள்ளே கூடாக இருக்கும் தங்க நகைக்குள் அடைக்கவும் செய்வார்கள். பாண்டவர்களை வைத்துக் கொளுத்தப் பார்த்த மாளிகையும் இதே அரக்குதான். பர்கண்டியில் கொஞ்சம் ஊதா சாயல் கூடுதல், அரக்கில் கொஞ்சம் பழுப்பு கூடுதல், அவ்வளவுதான் வித்தியாசம். கடைக்காரர் மெரூன் என்பார், ஒயின் என்பார். துணி என்னவோ ஒன்றுதான்!

ஆக, "இதற்கு எது ஜோடி?" என்ற கேள்விக்கு விடை தேட நியூயார்க் போகத் தேவையில்லை. ராசிபுரத்துப் பட்டிலும், அம்மாபேட்டை, இளம்பிள்ளைப் பக்கத்துச் சேலைகளிலும் பார்டரைப் பார்த்தால் போதும். அரக்கு உடலுக்குக் கடுகு மஞ்சள் பார்டர். சந்தன நிற உடலுக்கு அரக்கு முந்தி. மயில் கழுத்து நிறத்துக்கு அரக்கு. கிளிப்பச்சைக்கு அரக்கு. தலைமுறை தலைமுறையாகக் காசு கொடுத்து வாங்கிக் கட்டி, பிடிக்காததை ஒதுக்கி, பிடித்ததை மறுபடி கேட்டு வாங்கித் தேறி வந்த ஜோடிகள் இவை. எந்த ஃபேஷன் இதழிடமும் இத்தனை பெரிய பரிசோதனைக்கூடம் கிடையாது.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. சாதாரணமாக நெய்யும்போது உடலுக்குப் போகிற ஊடை நூல் பார்டருக்குள்ளும் ஓடும். மஞ்சள் உடலுக்கு அரக்கு பார்டர் வைத்தால், அந்த மஞ்சள் ஊடை அரக்குப் பாவுக்குள் கலந்து பார்டர் லேசாக மங்கிவிடும். இதைத் தவிர்க்கத்தான் கோர்வை. உடலுக்குத் தனி நாடா, பார்டருக்குத் தனி நாடா, இரண்டையும் சேர்கிற இடத்தில் பின்னிப் பின்னிப் போக வேண்டும். பல தறிகளில் ஓரத்து நாடாவைப் போட இன்னொரு ஆள் கூடவே உட்கார்ந்திருப்பார். ஓர் அரக்குக் கரை சுத்தமான அரக்காகத் தெரியவேண்டும் என்பதற்காகவே இரண்டு பேர் உழைப்பு! நிறப் பொருத்தம் என்பது ஏதோ வேலை இல்லாதவர்கள் பேசுகிற விஷயம் என்று நினைப்பவர்கள் ஒருமுறை தறிக்குழி பக்கம் போய்வரலாம்.

இதே சமாச்சாரத்தை விஞ்ஞானமாக எழுதிவைத்தவர் மிஷெல் யூஜீன் ஷெவ்ரல் என்ற பிரெஞ்சு வேதியியலாளர். பாரிஸில் கோப்லான் என்ற பெயர்பெற்ற திரைச்சீலை நெசவாலை இருந்தது. அங்கே சாயப் பிரிவுக்கு 1824இல் பொறுப்பேற்றார். கறுப்புச் சாயம் சரியில்லை, மங்கலாக இருக்கிறது என்று புகார். சோதித்துப் பார்த்தால் சாயத்தில் குறையே இல்லை. பக்கத்தில் நெய்திருந்த நிறம்தான் கறுப்பை மங்கச் செய்தது. இரண்டு நிறங்கள் அருகருகே இருந்தால் ஒன்றை ஒன்று மாற்றிக் காட்டும் என்று 1839இல் ஒரு தடிமனான புத்தகமே போட்டார். (மனிதர் 102 வயது வரை இருந்தார். நிறங்களைப் பார்த்துக்கொண்டிருப்பது ஆயுளுக்கு நல்லதோ என்னவோ!)

அரக்குக்கு இதைப் பொருத்திப் பார்த்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். பளீர் சிவப்பைப் பக்கத்தில் வைத்தால் அரக்கு அழுக்குப் பழுப்பாகத் தெரியும். கறுப்பு பேன்ட் போட்டால் இரண்டும் இருட்டு. பத்தடி தள்ளி நின்று பார்ப்பவருக்கு ஆளே ஒரே கறுப்பு. "கறுப்பு எல்லாத்துக்கும் மேட்ச்" என்கிற விடுதித் தத்துவம் அரக்கிடம் செல்லாது. கரும்பச்சையும் அப்படித்தான், எதிர் நிறமாக இருந்தாலும் இரண்டும் அடர்த்தி என்பதால் நடுவில் ஒரு சந்தனக் கோடாவது வேண்டும். சாம்பல் நிறம் மட்டும் ஓர் ஆச்சரியம். சிவப்பின் பக்கத்தில் இருக்கும்போது சாம்பல் கண்ணுக்கு லேசாகப் பச்சைச் சாயல் காட்டும். அதனால்தான் இளஞ்சாம்பல் பேன்ட்டும் அரக்குச் சட்டையும் யார் போட்டாலும் எடுப்பாக இருக்கிறது. தங்கம்தான் வேண்டும் என்றில்லை. சேலத்து வெள்ளிக் கொலுசும் இதே காரணத்தால் அரக்குப் பாவாடைக்குக் கீழே அம்சமாக இருக்கும்.

வேட்டி கட்டுகிறவர்களுக்குப் பிரச்சினையே இல்லை. வெள்ளை வேட்டி, அரக்குச் சட்டை. கரை மட்டும் மெல்லிய பச்சையாக இருந்தால் இன்னும் நல்லது. சேலம் வெண்பட்டு வேட்டி வீட்டில் இருந்தால் கேட்கவே வேண்டாம், அப்பாவிடம் கெஞ்சி வாங்கிவிடலாம்.

இப்போது ஒரு சங்கடமான விஷயம். துணிக்கடையில் மாநிறமோ அதைவிடக் கறுப்போ உள்ள பெண் அரக்குச் சுடிதாரை எடுத்துப் பார்த்தால், "உங்க கலருக்கு இது எடுக்காது கண்ணு, லைட்டா பாருங்க" என்று அன்பாகவே சொல்லி மடித்து வைத்துவிடுவார்கள். சொல்கிறவருக்குக் கெட்ட எண்ணம் இருக்காது. ஆனால் அது கண் சொல்கிற தீர்ப்பு இல்லை, வெள்ளைதான் அழகு என்கிற பழக்கம் சொல்கிற தீர்ப்பு. எடுக்காமல் போவது தோலால் அல்ல, கழுத்தருகே வெளிச்சமான நிறம் ஒன்றும் இல்லாததால். ஒரு கடுகு மஞ்சள் சால், இல்லாவிட்டால் சந்தன நிறப் பைப்பிங், முடிந்தது கதை.

ஆதாரம் வேண்டுமா? 2010களில் தமிழக அரசுப் பள்ளிகளில் சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்குக் கொடுத்த சீருடையை நினைத்துப் பாருங்கள். கீழே அரக்கு, மேலே இளஞ்சந்தனம். காலைப் பிரார்த்தனைக் கூட்டத்தில் எல்லா நிறப் பிள்ளைகளும் வரிசையில் நின்றார்கள், யாருக்கு எடுக்காமல் போனது? அப்புறம் சீருடை மாறிவிட்டது. அன்று அதைப் போட்ட பிள்ளைகளில் பலர் இன்று கல்லூரியில். "அரக்கும் சந்தனமுமா? ஐயோ, ஸ்கூல் யூனிஃபார்ம்!" என்று ஓடுகிறார்கள். அந்த வெட்கம் தேவையற்றது. இலவசமாக வந்தது என்பதற்காக நல்ல ஜோடி மட்டமாகிவிடாது. கூச்சமாகவே இருந்தால் தலைகீழாக்கிவிடலாம்: மேலே அரக்கு, கீழே சந்தனம். யாரும் மணி அடிக்க மாட்டார்கள் :-)

எத்தனை அரக்கு வாங்குவது என்பதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. தீபாவளிக்கு ஒன்று, பொங்கலுக்கு ஒன்று என்று எடுக்கிற வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு ஓர் அரக்கு உடுப்பு போதும். சால், பேன்ட், டாப் மூன்றும் தனித்தனி என்பதால் ஓர் அரக்கு சால் நாலு வெளிர் டாப்புகளோடு நாலு செட் ஆகிவிடும். சிக்கனம் மட்டுமல்ல இதில். பருத்தியில் அடர் நிறம் ஏற்ற, வெளிர் நிறத்தைவிடச் சாயமும் அதிகம், உப்பும் அதிகம். துணியில் பிடிக்காத மிச்சம் தண்ணீரோடு வெளியேறும். சேர்வராயன் மலையில் பிறந்து சேலம் நகருக்குள் ஓடி நாமக்கல் மாவட்டம் வழியாகக் காவிரியில் சேரும் திருமணிமுத்தாறு, சாக்கடையையும் சாயக் கழிவையும் சுமந்து கெட்டுப்போன கதை இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. பள்ளிபாளையம், குமாரபாளையம் பக்கம் அனுமதி இல்லாத சாயப்பட்டறைகளை அதிகாரிகள் இடிப்பதும் அவை மறுபடி முளைப்பதும் செய்தித்தாளில் பழகிப்போன செய்தி. குற்றம் துணி வாங்குகிறவர் மேல் இல்லை, சுத்திகரிக்காமல் திறந்துவிடுகிறவர் மேல்தான். ஆனாலும் பீரோவில் ஏழு அடர் நிறம் தொங்குவதைவிட ஓர் அரக்கும் சுற்றிலும் வெளிர் நிறங்களும் இருப்பது கண்ணுக்கும் நல்லது, ஆற்றுக்கும் நல்லது. வெயிலுக்கும்தான். அடர் நிறம் சூட்டை அதிகம் இழுக்கும், ஏப்ரல் மாதத்தில் மேலிருந்து கீழ்வரை அரக்கு என்பது தனக்குத் தானே கொடுத்துக்கொள்ளும் தண்டனை.

வாங்கிய பிறகு முதல் இரண்டு மூன்று அலசல் தனி வாளியில். சந்தனச் சட்டையோடு சேர்த்து ஊறவைத்தால் ஜோடி ஒரே நிறமாகிவிடும்.

கடைசியாக, வாங்குகிற இடம். முதல் அக்ரஹாரத்திலோ கடைவீதியிலோ மேட்சிங் பிளவுஸ் பிட் எடுக்கிற அம்மாக்களைக் கவனித்தால் தெரியும். சேலையையும் பிட்டையும் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்துவிடுவார்கள். சுத்தமான அறிவு அது. டியூப்லைட்டிலும் மலிவான எல்இடி விளக்கிலும் ஆழ்ந்த சிவப்புப் பகுதி குறைவு, அதனால் அரக்கு அங்கே கறுத்துத் தெரியும். உள்ளே ஒன்றாகத் தெரிந்த இரண்டு அரக்குகள் வெளியே வந்தால் ஒன்று ஊதா, ஒன்று செங்கல் என்று பிரிந்து நிற்கும். பண்டிகைக் கூட்டத்தில் துணியோடு வாசல்வரை விடமாட்டார்கள். சாதாரண நாளில் காலை பதினொரு மணிக்குள் போனால் கடைப் பையனே எடுத்துக்கொண்டு கூட வருவான்.