வேட்பாளரின் சுயவிபரத்தில் விடுபட்ட இரண்டு வருடங்கள்

2025 மே மாதம் 6ஆம் திகதி 339 உள்ளூராட்சி மன்றங்களுக்கான தேர்தல் நடைபெற்றது. வேட்புமனுக்கள் ஏற்றுக்கொள்ளப்பட்ட மார்ச் 17 முதல் 20 வரையான நாட்கள் இம்முறை புனித றமழானுக்குள் வந்தமையால், எமது ஊர்களில் நோன்பும் தேர்தலும் கைகோர்த்தே நகர்ந்தன. உலருணவுப் பொதி கொடுப்பவரின் புகைப்படம் பொதிக்கு முன்னரே வாட்ஸ்அப் குழுமங்களுக்கு வந்து சேர்ந்தது. பெருநாள் முடிந்த கையோடு அதே முகங்கள் கட்சிச் சின்னத்துடன் துண்டுப்பிரசுரங்களில் வந்தன.

அந்தப் பிரசுரங்களைச் சற்று நிதானமாக வாசித்துப் பாருங்கள். மர்ஹூம் இன்னாரின் புதல்வர், இன்ன பாடசாலையின் பழைய மாணவர், விளையாட்டுக் கழகத் தலைவர், பள்ளிவாசல் நிர்வாக சபையின் முன்னாள் உறுப்பினர், சமாதான நீதவான், சிறுவயது முதலே மக்கள் சேவையில் நாட்டம் கொண்டவர். பெயரையும் படத்தையும் மாற்றினால் ஒருவரின் பிரசுரத்தை இன்னொருவர் பாவிக்கலாம்.

இவற்றில் பொய் இருக்க வேண்டும் என்பதில்லை. ஊரில் பிறந்து, ஊர்ப் பள்ளிவாசலில் உழைத்து, நாலு பேருக்கு உதவியவர் வேட்பாளராக வருவது நல்ல விடயமே. ஆனால், ஒருவரின் குடும்பமும் பட்டங்களும் அவர் யார் என்பதைச் சொல்லுமே தவிர, பிரதேச சபைக்குப் போய் என்ன செய்வார் என்பதைச் சொல்லாது.

ஆளை அறிய வேண்டிய தேர்தல்

இந்தத் தேர்தல் கலப்பு முறையில் நடந்தது. உறுப்பினர்களில் 60 வீதமானோர் வட்டாரங்களிலிருந்தும் 40 வீதமானோர் பட்டியலிலிருந்தும் தெரிவாவர். விருப்பு வாக்கு கிடையாது. வாக்குச்சீட்டில் கட்சியின் அல்லது சுயேச்சைக் குழுவின் பெயரும் சின்னமும் மாத்திரமே இருக்கும். ஆகவே, சின்னத்துக்குப் புள்ளடியிடும்போதே வட்டாரத்தில் அந்தச் சின்னத்தின் கீழ் நிற்கும் மனிதரையும் தெரிவு செய்கிறோம். அவரைப் பற்றி விசாரிப்பதை வாக்களிப்பு நிலையத்துக்குப் போகும் முன்னரே முடித்துவிட வேண்டும்.

எதை விசாரிப்பது? இம்முறை அதற்கு ஓர் அரிய அளவுகோல் எமக்குக் கிடைத்திருக்கிறது.

2018 பெப்ரவரியில் தெரிவான சபைகளின் பதவிக்காலம் 2023 மார்ச் 19ஆம் திகதி நள்ளிரவுடன் முடிவடைந்தது. அதற்கு முன்னர் மார்ச் 9ஆம் திகதி நடந்திருக்க வேண்டிய தேர்தல் நிதியில்லை என்ற காரணத்தின் பேரில் நின்றுபோனது. தேர்தலை நடத்தாமை அடிப்படை உரிமை மீறல் என உயர் நீதிமன்றம் 2024 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. இடைப்பட்ட இந்த இரண்டு வருடங்களும் மக்கள் பிரதிநிதிகள் எவருமின்றி அதிகாரிகளின் பொறுப்பிலேயே சபைகள் இயங்கின.

அந்தக் காலத்தில் பதவி இல்லை, கொடுப்பனவு இல்லை, பெயர்ப்பலகையில் பெயர் வராது. ஆனால் வடிகான் அடைத்தது. தெருவிளக்கு அணைந்தது. குப்பை உழவு இயந்திரம் வாரக்கணக்கில் வராமல் போனது. மையவாடி மதில் இடிந்தது. அப்போது சபைச் செயலாளருக்குக் கடிதம் எழுதியவர் யார்? ஏழை வீட்டுக்காரர் ஒருவரைக் கட்டட அனுமதிக்காகக் கூட்டிச் சென்றவர் யார்? இன்று சேவை மனப்பான்மை பற்றிப் பேசும் ஒருவரிடம் அந்த இரண்டு வருடங்களைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டால் போதும். வேட்புமனு கொடுத்த பின் வந்த சேவையா, அதற்கு முன்னரே இருந்த சேவையா என்பது தெரிந்துவிடும்.

பாசறையும் குப்பை மேடும்

கிழக்கில் வேட்பாளர்கள் பலரின் சுயவிபரத்திலும் இன்னொரு வரி தவறாமல் இருக்கும்: மர்ஹூம் அஷ்ரப் அவர்களின் பாசறையில் வளர்ந்தவர். 1948இல் சம்மாந்துறையில் பிறந்து, கல்முனையில் வளர்ந்து, சட்டத்தரணியாகி, 1981இல் காத்தான்குடியில் முஸ்லிம் காங்கிரஸை ஆரம்பித்தவர் அவர். பாராளுமன்றம் சென்றது 1989இல். இடையில் எட்டு வருடங்கள் இருந்தன. பதவி வருவதற்கு முன்னரே வேலை தொடங்கியிருந்தது. ஒலுவிலில் அவர் விட்டுச் சென்ற தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இன்றும் எமது பிள்ளைகளுக்குப் பட்டம் கொடுத்துக் கொண்டிருக்கிறது.

அதே ஒலுவிலின் அருகே, அவரது பெயரைத் தாங்கிய அஷ்ரப் நகரை அண்டிய குப்பை மேட்டில் காட்டு யானைகள் பொலித்தீனைத் தின்னும் காட்சியைச் சில வருடங்களுக்கு முன்னர் சர்வதேச ஊடகங்களும் வெளியிட்டன. சுற்றியுள்ள பல உள்ளூராட்சி மன்றங்களின் கழிவுகள் அங்கேதான் கொட்டப்பட்டன. அந்த மன்றங்களில் அமர்ந்திருந்தோரில் எத்தனை பேர் பாசறை பற்றி மேடையில் பேசியவர்கள்! தலைவரின் பெயரைச் சொல்வது இலகு. தலைவரின் பெயரிலுள்ள ஊரில் குப்பையை முறையாகப் பிரித்து அகற்றுவது கடினம். உள்ளூராட்சி உறுப்பினருக்கான வேலை இரண்டாவதுதான்.

உள்ளூராட்சி மன்றம் நினைத்தால் என்ன செய்யலாம் என்பதற்கும் எம்மிடம் உதாரணம் உண்டு. கொவிட் காலத்தில் ஜனாஸாக்களைக் கட்டாயமாக எரித்த கொடுமை முடிவுக்கு வந்து, 2021 மார்ச் மாதம் ஓட்டமாவடி மஜ்மா நகரில் நல்லடக்கம் தொடங்கியது. நாட்டின் பல பாகங்களிலிருந்தும் வந்த 3,600க்கும் அதிகமான உடல்கள் அங்கு அடக்கப்பட்டன. மாற்று மத சகோதரர்களும் அவர்களில் அடங்குவர். இராணுவம், சுகாதாரத் துறை ஆகியவற்றுடன் கோறளைப்பற்று மேற்கு பிரதேச சபையும் அதன் ஊழியர்களும் ஊர் மக்களும் அந்தப் பணிக்குத் தோள் கொடுத்தனர். சிறிய சபை ஒன்று முழுச் சமூகத்தின் கண்ணீரையும் துடைத்த தருணம் அது.

நிய்யத்தை யார் அளப்பது?

ஒருவர் ஏன் அரசியலுக்கு வருகிறார் என்பதை அல்லாஹ் மாத்திரமே அறிவான். நாம் உள்ளங்களைத் தீர்ப்பிட வேண்டியதில்லை. அமானத்தை ஒப்படைக்கத் தகுதியுள்ளவரா என்று பார்ப்பதே எமது கடமை. பதவியைத் தானாகத் தேடிப் போவதை எமது மார்க்கம் எச்சரிக்கிறது. எனினும், எகிப்தின் களஞ்சியப் பொறுப்பை மன்னரிடம் கேட்ட நபி யூஸுப் (அலை) அவர்களின் வரலாறும் குர்ஆனில் உண்டு. நபிமார்களின் வம்சத்தில் வந்த அவர், அந்த இடத்தில் தந்தையின் பெயரையோ பாட்டனாரின் பெயரையோ முன்வைக்கவில்லை. பாதுகாக்கக் கூடியவன், அறிந்தவன் என்ற இரண்டு தகைமைகளையே முன்வைத்தார்கள். பொதுச் சொத்தைப் பாதுகாக்கும் நேர்மையும் வேலை பற்றிய அறிவும். வட்டார வேட்பாளருக்கும் இந்த இரண்டும் போதும்.

பெண் வேட்பாளர்கள் விடயத்தில் சுயவிபரம் இன்னும் மோசமாக எழுதப்படுகிறது. 25 வீத ஒதுக்கீட்டினால், 2018இல் உள்ளூராட்சி மன்றங்களில் பெண்களின் பங்கு 2 வீதத்துக்கும் குறைந்த நிலையிலிருந்து 20 வீதத்தைத் தாண்டியது. ஆனால் எமது ஊர்ப் பிரசுரங்கள் சிலவற்றில் அவர்களது படத்தைக்கூடக் காணோம். இன்னாரின் மனைவி என்பதோடு அறிமுகம் முடிந்துவிடுகிறது. முன்பள்ளி நடத்திய, மாதர் சங்கத்தில் கணக்கு எழுதிய, டெங்கு காலத்தில் வீடு வீடாகச் சென்ற சகோதரிக்குச் சொல்வதற்கு ஒரு வரலாறு உண்டு. அதைச் சொல்ல விடாமல் பட்டியலை நிரப்ப மாத்திரம் அவரை அழைப்பது அநீதி.

வேட்பாளர் வீட்டுக்கு வரும்போது தேநீர் கொடுங்கள். கூடவே மூன்று கேள்விகளையும் கேளுங்கள். கடந்த இரண்டு வருடங்களில் எமது வட்டாரத்துக்காக எந்த அலுவலகப் படியேறினீர்கள்? எமது சபையின் வருமானம் எங்கிருந்து வருகிறது, எதற்குச் செலவாகிறது என்று தெரியுமா? இந்தத் தேர்தலுக்கு எவ்வளவு செலவழிக்கிறீர்கள், அது யாருடைய பணம்? மூன்றாவது கேள்விக்குச் சட்டமும் துணை நிற்கிறது. 2023ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கத் தேர்தல் செலவின ஒழுங்குபடுத்தல் சட்டத்தின்படி, தேர்தல் முடிவு வெளியாகி 21 நாட்களுக்குள் செலவு விபரத்தைச் சமர்ப்பிக்க வேண்டும். இலட்சக்கணக்கில் செலவழித்துச் சிறிய கொடுப்பனவுள்ள ஆசனத்தில் அமர்பவர், போட்ட பணத்தை எங்கிருந்து எடுப்பார் என்பதை நாமே ஊகிக்கலாம்.

இந்தக் கேள்விகளுக்குத் தடுமாறாமல் பதில் சொல்பவர் எந்தக் குடும்பத்தவர், எந்தக் கட்சிக்காரர் என்பது இரண்டாம் பட்சம். தடுமாறுபவர் எங்கள் சொந்தக்காரராக இருந்தாலும், நாளை எங்கள் வீதியில் தேங்கும் நீர் சொந்தம் பார்த்து வடியப் போவதில்லை.