போர்மட் அடிக்க முதல் எங்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்

கண்டி டவுனில் லெப்டொப் திருத்துகிறவர்களிடம் ஒரே ஒரு மருந்துதான் இருக்கிறதோ என்று எங்களுக்குச் சந்தேகம் வரத் தொடங்கிவிட்டது. மெஷின் மெதுவாக ஓடுதா? போர்மட். வைஃபை பிடிக்கவில்லையா? போர்மட். சத்தம் வரவில்லையா? அதுக்கும் போர்மட். அதிலும் சரிவராவிட்டால் அடுத்த வசனம் தயாராக இருக்கும்: “போர்ட் போயிட்டுது, மாத்தணும்.”

எங்களில் ஒருத்திக்கு நடந்ததைச் சொல்கிறோம். பேராதனையில் படிக்கிறாள். இறுதியாண்டு ஆய்வுக்காகத் தெல்தோட்டைப் பக்கத் தோட்டங்களில் காமன் கூத்து ஆடும் பெரியவர்களைத் தேடிப்போய், மாசி மாதம் முழுக்க அவர்களுடைய பாட்டையும் பேச்சையும் பதிவு செய்தாள். போனில் இடம் போதாது. எல்லாவற்றையும் லெப்டொப்புக்கு மாற்றிவிட்டு போனில் அழித்துவிட்டாள். ஒருநாள் காலையில் பதிவைக் கேட்டு எழுதலாம் என்று திறந்தால் சத்தமே இல்லை. கடைக்குக் கொண்டுபோனாள். “தங்கச்சி, விண்டோஸ் பழுது, பின்னேரம் வாங்க” என்றார்கள். பின்னேரம் 4,500 ரூபாய் கொடுத்து எடுத்தாள். சத்தம் வந்தது. கேட்பதற்குத்தான் ஒன்றும் இல்லை. டெஸ்க்டொப்பில் இருந்த பதிவுகள் அத்தனையும் போயிருந்தன. எஸ்எஸ்டி என்பதால் மீட்கிற மென்பொருள்களாலும் ஒன்றும் வரவில்லை. “பெக்கப் எடுக்கலையா?” என்று அவர்கள் திருப்பி இவளைக் கேட்டார்களாம்.

இரண்டு கிழமை போகவில்லை, திரும்பவும் சத்தம் நின்றுவிட்டது. இந்த முறை விடுதியில் நாங்களே உட்கார்ந்து பார்த்தோம். விண்டோஸ் தன்பாட்டில் அப்டேட் ஆகி புது ஓடியோ ட்ரைவர் ஒன்றைப் போட்டிருந்தது. டிவைஸ் மெனேஜரைத் திறந்து, சவுண்ட் பகுதியில் அந்தச் சாதனத்தின் ப்ரொப்பர்ட்டீஸுக்குள் போய், ட்ரைவர் பக்கத்தில் ‘ரோல் பேக் ட்ரைவர்’ என்பதை அழுத்தி, ரீஸ்டார்ட் செய்தோம். பத்து நிமிஷம். ஒரு ஃபைல்கூட அழியவில்லை. முதல் தடவையும் இதேதான் நடந்திருக்கும் என்று பந்தயம் கட்ட நாங்கள் தயார்.

4,500 ரூபாய் ஒரு காசா என்று கேட்பவர்களுக்கு: அவளுடைய அம்மா கொழுந்து எடுக்கிறவர். தோட்டத் தொழிலாளருடைய அடிப்படை நாட்சம்பளம் 2024 செப்டம்பரில்தான் 1,350 ரூபாய் ஆனது. கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

சத்தம் வராததற்குப் பல காரணம் இருக்கலாம். அதில் போர்ட் பழுது என்பது கடைசியாகச் சந்தேகப்பட வேண்டியது. முதலில் ம்யூட் பட்டனைப் பாருங்கள், சிரிக்காதீர்கள், எங்களில் ஒருவர் இதுக்காகவே பஸ் ஏறி டவுனுக்குப் போயிருக்கிறார். பிறகு சத்தம் எங்கே போகிறது என்று பாருங்கள். ஸ்பீக்கர் படத்தைத் தட்டினால் எந்தச் சாதனத்துக்குப் போகிறது என்று காட்டும். பக்கத்து அறையில் கிடக்கிற உங்கள் புளூடூத் இயர்போனுக்குப் போய்க்கொண்டிருக்கலாம், எச்டிஎம்ஐ வயரில் கொழுவிய மொனிட்டருக்குப் போகலாம். எல்லாவற்றிலும் சத்தம் இல்லையா, ஒரு செயலியில் மட்டும் இல்லையா என்றும் பாருங்கள். வொல்யூம் மிக்ஸரில் ப்ரவுசரை மட்டும் பூச்சியத்தில் வைத்துவிட்டு ஸ்பீக்கரைத் திட்டுகிற ஆட்கள் நிறைய.

அடுத்தது ஹெட்போன். கொழுவிப் பாருங்கள். அதில் சத்தம் வந்து ஸ்பீக்கரில் வராவிட்டால், ஹெட்போன் ஓட்டையைச் சந்தேகிக்கலாம். கண்டி மழைக்கும் ஈரத்துக்கும் தூசும் கறளும் அதில் சேரும். உள்ளே இருக்கிற சின்ன சுவிட்ச் ஒட்டிக்கொண்டால், ஹெட்போனைக் கழற்றின பிறகும் அது இருப்பதாகவே மெஷின் நினைத்துக்கொண்டிருக்கும். நாலைந்து முறை மெதுவாகக் கொழுவிக் கழற்றினாலே சில நேரம் விடும். ஊசியை விட்டு நோண்ட வேண்டாம்.

அதற்குப் பிறகுதான் ட்ரைவர். ரோல் பேக் மங்கலாகக் கிடந்தால், மொடல் இலக்கத்தைப் பார்த்து லெப்டொப் கம்பனியின் தளத்திலிருந்தே ட்ரைவரை இறக்கிப் போடலாம். அதுவும் சரிவராவிட்டால் ஒரு பென் ட்ரைவில் உபுண்டுவை ஏற்றி, ‘ட்ரை’ என்கிற தெரிவில் ஓடவிடுங்கள். டிஸ்க்கில் கை வைக்காமலே அது ஓடும். அதில் சத்தம் வந்தால் வன்பொருள் நல்லாத்தான் இருக்கிறது, பழுது விண்டோஸில் என்று அடித்துச் சொல்லலாம். வராவிட்டால் அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியாது. சில புது மொடல்களுக்கு லினக்ஸில் ஓடியோ சரியாக வேலை செய்வதில்லை. சரி, உண்மையிலேயே ஓடியோ சிப் செத்துவிட்டது என்றே வைப்போம். அப்போதும் போர்ட் மாற்றத் தேவையில்லை. யூஎஸ்பியில் செருகுகிற சின்ன சவுண்ட் கார்ட் ஒன்று போதும். அது தன் வழியில் சத்தத்தைக் கொடுக்கும், போர்டில் இருக்கிற சிப்பின் தயவு அதற்கு வேண்டாம்.

இவ்வளவுதான் வித்தை. இதை ஏன் எங்களுக்கு ஒருவரும் சொல்லித்தரவில்லை? சாதாரண தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் படித்தவர்கள் நாங்கள். வெற்றிடக் குழாய் எந்தத் தலைமுறைக் கணினியில் இருந்தது என்று நித்திரையில் கேட்டாலும் சொல்வோம். மேசையில் இருக்கிற கணினியில் ட்ரைவர் எங்கே இருக்கிறது என்று ஒருத்தருக்கும் தெரியாது. ‘ஏ’ எடுத்தவர்களும் எங்களுக்குள் இருக்கிறார்கள். பழுதான மெஷினைப் பிள்ளைகள் தொடக்கூடாது என்று லேப் கதவைப் பூட்டி வைத்துவிட்டு, கணினி அறிவு என்றால் என்னவென்று வரைவிலக்கணம் எழுதச் சொல்கிற பாடம் அது.

திருத்துகிறவர்களை மட்டும் திட்டிவிட்டுப் போவது நியாயமில்லை. ஒருத்தர் கடையில் லெப்டொப்பை வாங்கி, இரண்டு நிமிஷத்தில் அவுட்புட்டை மாற்றி, “சரி, 800 ரூபாய்” என்றால் நாங்கள் என்ன சொல்வோம்? “இதுக்கா 800?” என்று சண்டைக்குப் போவோம். அதே மனுஷன் மெஷினை ஒரு நாள் வைத்திருந்து, போர்மட் அடித்து 4,500 கேட்டால், பெரிய வேலை நடந்திருக்கிறது என்று எண்ணிக் கொடுப்போம். பார்த்துச் சொல்கிற அறிவுக்கு நாங்கள் காசு தருவதில்லை, அதனால் அவர்கள் போர்மட் விற்கிறார்கள். டொக்டர் பனடோல் மட்டும் எழுதித் தந்தாலும் அவருடைய பீஸைக் கட்டிவிட்டுத்தானே வருகிறோம்?

பிரான்ஸில் 2021 ஜனவரியிலிருந்து லெப்டொப்பை எவ்வளவு இலகுவாகத் திருத்தலாம் என்பதற்குப் பத்துக்கு இத்தனை புள்ளி என்று போட்டுத்தான் விற்க வேண்டும். இங்கே எங்களில் பலர் வாங்குவது இரண்டாம் கை மெஷின், அதற்கு ஒழுங்கான பில்லே கிடைப்பதில்லை. அந்த மாதிரிச் சட்டம் வரும்வரை காத்திருக்க எங்களால் முடியாது. நாங்கள் கேட்பது அதைவிடச் சின்னது. கடையில் ஒரு போர்ட் தொங்கவிடுங்கள்: ‘பார்த்துச் சொல்ல இவ்வளவு’ என்று. அதைப் பேரம் பேசாமல் தருகிறோம். என்ன பழுது என்பதைப் பில்லில் ஒரு வரி எழுதித் தாருங்கள். டிஸ்க்கில் கை வைப்பதானால் முதலில் கோல் எடுங்கள், ஃபைல்களை வேறு இடத்துக்கு மாற்றித் தருவதற்குத் தனியாகக் காசு கேளுங்கள், அதையும் தருவோம். கேட்காமல் அழித்துவிட்டு “பெக்கப் எடுக்கலையா” என்று மட்டும் கேட்காதீர்கள்.

அவள் திரும்பவும் தெல்தோட்டைக்குப் போனாள். பெரியவர்கள் முகம் சுளிக்கவில்லை, தேத்தண்ணி கொடுத்து உட்கார வைத்தார்கள். பேச்சு எவ்வளவு வேண்டுமானாலும் பேசுவார்களாம். பாட்டு மட்டும் காமன் ஊன்றிய பிறகுதான், இடையில் பாடமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். ஆய்வு ஒப்படைக்கும் திகதி அதற்கு முதலே வருகிறது.