எண்ணெய்ப்பசை வேறு, ஈரம் வேறு

ஆய்வு மாணவர்களிடையே ஒரு கருத்து ஆழ வேரூன்றியிருக்கிறது: முகப்பரு உள்ளவர் மாய்ஸ்சரைசர் பூசலாகாது, பூசினால் பரு பெருகும். இதனோடு இன்னொரு கருத்தும் சேர்ந்தே வருகிறது: சருமப் பராமரிப்பு என்பதே நுகர்வுப் பண்பாட்டின் சூழ்ச்சி, சிந்திப்பவர் அதில் விழலாகாது. முன்னது அறிவியற்பிழை. பின்னது அப்பிழைக்குப் போர்த்திய கொள்கைப் போர்வை. இரண்டையும் மறுக்கவே இப்பதிவு.

மொழியியல் பயின்றவர் என்ற முறையில் சொல்லிலிருந்தே தொடங்குகிறேன். விளம்பரத் தமிழ் 'எண்ணெய்ப்பசைச் சருமம்', 'வறண்ட சருமம்' என்னும் இரண்டையும் எதிரெதிராக நிறுத்துகிறது. எதிர்ச்சொற்கள் என்றால் ஒன்று இருக்குமிடத்தில் மற்றொன்று இராது என்று மனம் கொள்கிறது. ஆனால் வறட்சிக்கு எதிர் ஈரம், எண்ணெய் அன்று. இந்தப் பொய்யான இணையை நம்பித்தான், எண்ணெய் வழியும் முகத்தை உலர்த்தினால் பரு ஒழியும் என்ற முடிவுக்கு வருகிறோம். 'மூஞ்சியில எண்ணெய் வழியுது' என்பது நம் பேச்சில் ஏளனமாகவே வழங்குவதால், கழுவுவதற்கும் துடைப்பதற்கும் ஒழுக்கத்தின் சாயலும் ஏறிவிடுகிறது. பருவை அழுக்கின் விளைவாகக் காட்டும் விளம்பரங்கள் இந்த மனநிலையின்மேல்தான் கடை விரிக்கின்றன.

உடலியல் சொல்வது வேறு. முகத்தில் மினுங்கும் எண்ணெய் மயிர்க்காலை ஒட்டிய சுரப்பிகளிலிருந்து வருவது. ட்ரைகிளிசரைடு, மெழுகு எஸ்டர், ஸ்குவாலீன் முதலியவற்றாலானது. தோலின் மேலடுக்கில் நீரைக் காத்து நிற்பவை செராமைடு, கொலஸ்ட்ரால், கொழுப்பமிலங்கள் ஆகியவை. உயிரணுக்களைச் செங்கல் என்று கொண்டால் இவை அவற்றினிடையே பூசிய சாந்து. சுரப்பி மிகுதியாகச் சுரக்கும்போதே சாந்து உதிர்ந்து நீர் வெளியேறலாம். எண்ணெய் வழியும் முகம் ஈரமற்ற முகமாகவும் இருப்பதில் எந்த முரண்பாடும் இல்லை.

மருத்துவத்தில் இதன் விளைவு தெளிவானது. பென்சாயில் பெராக்சைடு, அடாபலீன், ஐசோட்ரெட்டினாயின் ஆகியவை பருவுக்குப் பயன் தரும் மருந்துகள்; மூன்றுமே தோலை வறட்டுபவை. பூச்சு மருந்துகளின் பயன் தெரிய இரண்டு, மூன்று மாதங்கள் ஆகும். எரிச்சலும் தோலுரிதலும் முதற்சில வாரங்களிலேயே வந்துவிடும். இந்த இடைவெளியில்தான் பலர் மருந்தைக் கைவிடுகின்றனர். அவர்களை மருந்தோடு நிற்கவைப்பது மாய்ஸ்சரைசர். ஆகவே அது சிகிச்சையின் உறுப்பு, ஒப்பனையன்று.

பெங்களூருவில் வாழும் நமக்கு இது இன்னும் அழுத்தமாகப் பொருந்தும். ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்திலுள்ள இந்நகரின் பிற்பகற் காற்று பிப்ரவரி, மார்ச் மாதங்களில் மிக வறண்டது. சென்னையின் கடற்காற்றில் வளர்ந்து இங்குப் படிக்க வருபவர், அங்கே பழகிய முகங்கழுவும் முறையையே இங்கும் தொடர்கிறார். காவிரிக் குழாய் எட்டாத விடுதிகளில் ஆழ்துளைக் கிணற்று நீரும் டேங்கர் நீருமே கதி என்பதை 2024ஆம் ஆண்டுக் கோடை எல்லோருக்கும் உணர்த்தியது. கடின நீரிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து கரையாப் படிவாகித் தோலில் தங்குகின்றன. சோப்பின் பிஎச் அளவு 9 முதல் 10 வரை. தோலின் மேற்பரப்போ ஏறத்தாழ 5. இந்நீரில் நாளுக்கு நான்கு முறை சோப்பிட்டுக் கழுவுபவர் பருவை ஒழிக்கவில்லை. தம் தோலின் அரணை இடிக்கிறார்.

இடிந்த அரண் சிவக்கும், எரியும். அந்த முகத்தோடு மருந்துக்கடைக்குப் போகிறவர் கைக்கு வருவது பல வேளைகளில் ஸ்டீராய்டுக் களிம்பு. சில நாள்களில் சிவப்பு அடங்கும். நிறுத்தினால் முன்னிலும் மோசமாகத் திரும்பும். இந்தியத் தோல் மருத்துவர்கள் இந்நிலைக்கு 'ஸ்டீராய்டால் சிதைந்த முகம்' எனப் பொருள்படும் தனிப்பெயரே இட்டுள்ளனர். 2011இல் வெளியான அவர்களது பன்மைய ஆய்வில், முகத்தோல் கோளாறுகளோடு வந்த 2,926 பேரில் 433 பேர் முகத்தில் ஸ்டீராய்டு பூசிவந்தவர்கள். அவர்களுள் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் பருவுக்காகவே பூசியவர். அவர்களிடம் மிகுதியாகக் காணப்பட்ட பக்கவிளைவும் பருவே. 2018 மார்ச்சில் நடுவண் அரசு 14 ஸ்டீராய்டுப் பூச்சுகளை மருந்துச்சீட்டின்றி விற்கலாகாது என்றது. ஆணை கடைக்காரரைக் கட்டுப்படுத்தலாம்; உலர்த்தினால் தீரும் என்ற நம்பிக்கையை எந்த ஆணையும் கட்டுப்படுத்தாது.

எதிர்வாதத்தில் நியாயமான கூறு ஒன்று உண்டு. எல்லாப் பூச்சும் எல்லா முகத்துக்கும் ஆகாது. பரு வரும் முகத்தில் தேங்காய் எண்ணெய் தேய்ப்பதை நான் பரிந்துரைக்கமாட்டேன். சில ஒப்பனைப் பொருள்கள் பருவை உண்டாக்கக்கூடும் என்று கிளிக்மனும் மில்ஸும் 1972இலேயே எழுதினர். ஆனால் துளையடைக்கும் பொருள்கள் என்று இணையத்தில் சுற்றும் பட்டியல்கள் பெரிதும் முயலின் காதில் செய்த சோதனைகளிலிருந்து வந்தவை. முயற்காது மனித முகத்தைவிட எளிதில் அடைபடுவது. அதே கிளிக்மன் 1996இல், பெட்ரோலேட்டம் முயலிலும் மனிதரிலும் துளையை அடைப்பதில்லை என்று காட்டினார். மறுபக்கம், புட்டியில் அச்சிடப்படும் 'நான்-காமடோஜெனிக்' என்ற சொல்லுக்கு அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் வரையறை எதுவுமில்லை. ஆகவே முயற்காதுப் பட்டியலுக்கும் அஞ்ச வேண்டா, புட்டியின் வாக்குறுதியையும் வேதமாகக் கொள்ள வேண்டா. மணமூட்டி இல்லாத, இலேசான ஒன்றைத் தேர்ந்து சில வாரம் பார்த்து முடிவு செய்வதே முறை.

இனி, சூழ்ச்சி என்று சொல்லும் தோழர்களுக்கு. சந்தையின் சூழ்ச்சியை நானும் மறுக்கவில்லை. பத்துப் புட்டிகளை அடுக்கச் சொல்வது சூழ்ச்சிதான். ஆனால் வறட்டும் ஃபேஸ்வாஷை முதலில் விற்றதும் அதே சந்தைதான். அதன் வறட்சியைத் துறவறமாகக் கொண்டாடுவது எதிர்ப்பாகாது. கிளிசரின், பெட்ரோலேட்டம், டைமெத்திகோன் ஆகியவை விலை மலிந்த மூலப்பொருள்கள். அவற்றாலான எளிய பூச்சொன்று போதும். வழுக்களைக் கண்டு நகைப்பது எளிது. ஆனால் பரு நிறைந்த முகத்தோடு கருத்தரங்க மேடை ஏறத் தயங்கும் முதுகலை மாணவியிடம் 'இதெல்லாம் மேல்தட்டு மோகம்' என்று சொல்லும்போது, அவருக்குக் கிடைப்பது விடுதலையன்று. வடுவாக மாறக்கூடிய காலதாமதம்.

மென்மையாகக் கழுவுக. ஈரம் காக்க. பருவும் வடுவும் தொடர்ந்தால் தோல் மருத்துவரிடம் செல்க. மாற்றுக்கருத்துடையோர் தரவோடு வருக, உரையாடுவோம்.