ஒரு மண் வீட்டின் சரித்திரம்

படப்பைக் கடைத்தெருவில் இறங்கி, ஒரகடம் பக்கம் போகும் லாரிகளுக்கு வழிவிட்டு, ஏரிக்கரையோரம் சிறிது தூரம் நடந்தால் ஒரு சேரி வரும். கடைசி வரிசையில் ஒரு மண் வீடு நிற்கிறது. பத்தடி அகலம், பதினெட்டடி நீளம். நாட்டு ஓடு. குனிந்துதான் உள்ளே போக வேண்டும். கட்டியவர் படியாளாக இருந்தவர். அவருடைய பேரன் இன்று கார் உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் கான்ட்ராக்ட் தொழிலாளி.

இந்த வீட்டைப் பற்றி எழுதப் போகிறோம் என்றதும் நம் தோழர் ஒருவரே சிரித்தார். "மணிமங்கலம் கோயிலைப் பற்றி எழுதுங்கள், சரித்திரம் இருக்கிறது. இந்தக் குச்சு வீட்டில் என்ன இருக்கிறது?" என்றார்.

மணிமங்கலத்தில் சரித்திரம் உண்டுதான். பல்லவன் நரசிம்மவர்மனும் சாளுக்கியன் புலிகேசியும் அங்கே மோதினார்கள். சோழ அரசர்களின் வெற்றிகள் அந்தக் கோயில் சுவரில் வெட்டப்பட்டிருக்கின்றன. ஆனால் அந்த அரசர்களுக்கு நெல் விளைவித்தவன் எங்கே படுத்துத் தூங்கினான்? தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் வரியில்லா நிலங்களின் பட்டியலில் ஊர் நத்தத்தோடு பறைச்சேரியும் வருகிறது. ஆயிரம் வருஷமாகச் சேரி இருக்கிறது என்பதற்கு அது சாட்சி. ஆனால் அந்தச் சேரியின் ஒரு சுவர்கூட மிஞ்சவில்லை. ஏன் மிஞ்சவில்லை என்பதற்கு இந்த மண் வீடே பதில் சொல்லும்.

சுவரைப் பாருங்கள். கோடையில் ஏரி வற்றியதும் களிமண் வெட்டி, வைக்கோல் கலந்து, காலால் மிதித்து, முழம் முழமாக ஏற்றிய சுவர். ஒரு அடுக்கு காய்ந்த பிறகே அடுத்த அடுக்கு. அவசரப்பட்டால் சரிந்துவிடும். கனம் ஒரு முழத்துக்குக் குறையாது. அதனால்தான் சித்திரை வெயிலில் உள்ளே உட்கார முடிகிறது. பக்கத்துக் கான்கிரீட் வீட்டில் மின்விசிறி இருந்தும் முடியவில்லை. ஐப்பசி மழை சுவரில் அடிக்காதபடி கூரை தாழ இறங்குகிறது. வாசல் குனிந்திருப்பது அதனால்தான். பனைமரத்துச் சட்டம், மூங்கில் வரிச்சு. எந்த இன்ஜினீயரும் வந்து வரைபடம் போடவில்லை. இது நம் உழைப்பாளிகளின் கட்டடக் கலை.

இது பாதிக் கதைதான். இந்த வீட்டில் மரவேலை என்று சொல்லத்தக்கது வாசல் நிலையும் கதவும் மட்டுமே. வீட்டுப் பாட்டியம்மாவைக் கேட்டோம். "தொரத்தினா அதைக் கழட்டித் தலையில வச்சிக்கிட்டுப் போயிடலாம் இல்ல, சாமி?" என்றார். கல் வைத்து ஏன் கட்டவில்லை, தேக்கு ஏன் போடவில்லை என்று கேட்கிறவர்கள் இந்தப் பதிலை யோசித்துப் பார்க்கட்டும். மனை மிராசுதாருடையது. கூலி உயர்த்திக் கேட்டால் மறுநாள் மனையைக் காலி செய்ய வேண்டும். பல ஊர்களில் சேரிக்காரன் ஓடு போடக்கூடாது என்று கட்டுப்பாடே இருந்தது. இந்த வீட்டிலும் முதலில் பனையோலைதான். ஓடு பிற்பாடுதான் ஏறியது. அந்த ஓடு ஏறிய நாள் இந்தச் சேரியின் சரித்திரத்தில் ஒரு நாள்.

இது நம் கற்பனையல்ல. அன்றைய செங்கல்பட்டு ஜில்லாவின் கலெக்டராக இருந்த டிரமன்ஹீர் என்ற வெள்ளைக்காரரே 1891ல் இங்குள்ள பறையர் மக்களின் நிலையைப் பற்றி ஓர் அறிக்கை எழுதினார். குடியிருக்கும் மனைகூடச் சொந்தமில்லாததால் அவர்கள் மிராசுதாரின் பிடியிலிருந்து தப்ப முடியவில்லை என்பது அவர் கண்டது. அதன் விளைவாக 1892ல் அரசாணை பிறந்தது. பஞ்சமி நிலம் என்று நாம் இன்று சொல்லுவது அந்த ஆணையில் வந்ததுதான். காகிதத்தில் வந்த நிலத்தில் எவ்வளவு கைமாறிப் போயிற்று என்பதை இந்த ஜில்லாவில் யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. 1994ல் காரணையில் அந்த நிலத்தைத் திருப்பிக் கேட்டவர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. இருவர் மாண்டனர்.

குடியிருப்பவனை வெளியேற்றக் கூடாது என்று சட்டம் வர 1961 ஆயிற்று. குடியிருப்பு மனை அவனுக்கே சொந்தம் என்ற சட்டம் 1971ல் வந்தது. அரசாணைக்கும் இந்தச் சட்டத்துக்கும் நடுவே எண்பது வருஷம் ஓடியிருக்கிறது! அந்த எண்பது வருஷத்தின் கடைசியில்தான் கீழத்தஞ்சையில் வெண்மணி நடந்தது. 1968 டிசம்பர் 25 இரவு, கூலியில் கொஞ்சம் நெல் கூடுதலாகக் கேட்ட மக்கள் ராமையாவின் குடிசையில் ஒதுங்கினார்கள். ஒரே வாசல், ஓலைக் கூரை. அதற்குள் 44 பேர் எரிந்தார்கள். பெண்களும் குழந்தைகளுமே அதிகம். அந்தக் குடிசை இருந்த இடத்துக்கு ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கானோர் போகிறார்கள். குடிசைக்குச் சரித்திரம் கிடையாது என்பவரை நாம் அங்கே அழைக்கிறோம்.

ஆலைத் தோழர்களுக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். கசப்பானதுதான். 1921ல் பின்னி ஆலை வேலைநிறுத்தத்தின்போது புளியந்தோப்பில் எரிந்தவை ஆதிதிராவிடத் தொழிலாளரின் குடிசைகள். நிர்வாகம் பிளவை ஊட்டி வளர்த்தது உண்மை. ஆனால் தொழிலாளியின் கூரையைத் தொழிலாளியே கொளுத்தியதும் உண்மை. இதை மறைத்து நாம் சரித்திரம் எழுத முடியாது.

இப்போது படப்பைக்கு வருவோம். மண் வீட்டின் பேரன் அதை இடித்துவிட்டுக் கான்கிரீட் வீடு கட்ட விரும்புகிறார். 2024ல் தொடங்கிய கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் 360 சதுர அடி வீட்டுக்கு 3.5 லட்சம் ரூபாய் என்று அறிவிக்கப்பட்டது. அவர் விருப்பத்தில் தப்பு என்ன? ஏழை மண் வீட்டிலேயே கிடக்கட்டும், நாம் வந்து படம் பிடித்துப் போகலாம் என்று சொல்லும் பாரம்பரியப் பிரியர்களின் கூட்டத்தில் நாம் இல்லை. ஒழுகும் ஓட்டை மாற்றுகிறவன் நாமல்ல, அவன்தான்.

நம் பயம் வேறு. பட்டா இன்னும் கைக்கு வரவில்லை. சுற்றிலும் கிடங்குகள் எழும்புகின்றன. புரோக்கர் ஒருவர் ஏற்கெனவே இரண்டு முறை வந்து, "மண் சுவருக்கு என்ன மதிப்பு, மனைக்கு ஒரு விலை சொல்" என்று கேட்டுப் போயிருக்கிறார். கிராம நத்தம் சர்க்கார் சொத்தல்ல, குடியிருப்பவனுக்கு உரியது என்று சென்னை உயர் நீதிமன்றம் பல தீர்ப்புகளில் சொல்லியிருக்கிறது. ஆனால் மூன்று தலைமுறையாகக் குடியிருந்ததற்கு இவரிடம் என்ன அத்தாட்சி? பழைய வரி ரசீது கரையான் தின்றது. மிச்சமிருக்கும் ஒரே சாட்சி அந்தச் சுவர். அதை ஜே.சி.பி. ஒரு காலை வேளையில் தள்ளிவிடும். அப்புறம் அந்த இடம் காலி மனை. காலி மனைக்குச் சொந்தக்காரர்கள் எங்கிருந்தெல்லாம் முளைப்பார்கள் என்பது இந்த வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரிந்ததே.

பழைய கட்டடங்களைக் காக்க 2012ல் தமிழ்நாட்டில் பாரம்பரிய ஆணையச் சட்டம் இயற்றப்பட்டது. அரண்மனையும் கோர்ட்டுக் கட்டடமும் பட்டியலில் ஏறட்டும், வேண்டாமென்று யார் சொன்னார்கள்? சேரிகளில் மிஞ்சியிருக்கும் இத்தகைய வீடுகளையும் ஊர் ஊராகக் கணக்கெடுத்து, அளந்து, படமெடுத்து வைக்க வேண்டும் என்று கேட்கிறோம். அந்தப் பதிவு நத்தம் பட்டா விசாரணையில் சாட்சியமாக ஏற்கப்பட வேண்டும். பட்டா கையில் வந்த பிறகே பழைய வீட்டை இடிக்கும்படி திட்ட விதியில் எழுத வேண்டும்.

சர்க்கார் செய்யும்வரை உட்கார்ந்திருக்கவும் முடியாது. வரும் ஞாயிறு காலை விவசாயத் தொழிலாளர் சங்கத் தோழர்கள் நாலு பேர் டேப்பும் நோட்டுப் புத்தகமும் எடுத்துக்கொண்டு அந்தச் சேரிக்குப் போகிறோம். சுவரின் கனம், கூரையின் உயரம், கட்டிய காலம் பற்றி முதியவர்கள் சொல்வது, எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்து வாங்குவோம். வாசல் நிலையை விற்கவோ விறகாக்கவோ வேண்டாம் என்று பேரனிடம் சொல்லியிருக்கிறோம். புது வீட்டுக்கு அதையே வைக்கிறேன் என்று ஒப்புக்கொண்டிருக்கிறார். உயரத்தை மட்டும் ஒரு அடி கூட்டப் போகிறாராம்.